தழும்பின் காரணத்தையும் கேளுங்கள்: சிறைத்துறைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு சிறைத்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். சிறைக்கு வரும் பெண்ணின் கையில் தீக்காயத் தழும்பு இருந்தால், அது அங்க அடையாளமாகப் பதிவேட்டில் ஏறுகிறது. அந்தக் காயத்தை உண்டாக்கியவர் யார், அதன் பிறகு அந்தப் பெண் எதைக் குடித்து அல்லது எதை விழுங்கித் தூங்கினார் என்பதையும் பரிவோடு கேட்டறிய வேண்டும் என்று வேண்டவே இம்மடல்.

கொலை, கொடுங்காய வழக்குகளில் உள்ளே இருக்கும் பெண்களிடம் சட்ட உதவிக்காகப் பேசும்போது, சிறு வயதில் வீட்டுக்குள் நேர்ந்த பாலியல் வன்முறை, பின்னர் கணவனின் அடி, அதை மறக்க மது அல்லது மாத்திரை, கடைசியில் கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தாக்கிய ஒரு நாள் என்ற வரிசையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். அடிபட்ட பெண்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு நேர்ந்த இழப்பையும் நான் சிறிதாக்கவில்லை. ஆயினும் கணவனின் கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்துத் தான் மட்டும் பிழைத்த தாயின் வழக்கில், 1989-லேயே சென்னை உயர் நீதிமன்றம் நல்லதங்காளை நினைவுகூர்ந்து, நெடுநாள் கொடுமையும் சினமூட்டலே என்று ஏற்று, கொலைக் குற்றத்தைக் குறைத்தது. நீதிமன்றம் கண்டதைச் சிறை மருத்துவமும் காண வேண்டும்.

நாள்தோறும் மதுவோ தூக்க மாத்திரையோ எடுத்தவருக்கு அது திடீரென நின்றால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். உடல் தேறிய பிறகும், போதை மூடிவைத்திருந்த நினைவுகள் இரவில் எழுகின்றன. உடல் சோதனையும் உரத்த அதட்டலும் அவற்றைக் கிளறிவிடுகின்றன. அந்நிலையில் அவர் கையைக் கீறிக்கொள்வதையும் பக்கத்திலிருப்பவரை அடிப்பதையும் வெறும் ஒழுங்கீனமாகக் கருதி மனுவை, அதாவது உறவினர் சந்திப்பை, நிறுத்தினால், பிள்ளையைப் பார்க்கும் வாய்ப்பும் போய், நோய் முற்றுகிறது.

இது சலுகை கோரும் மடல் அன்று. பெண் கைதிகளை நடத்தும் முறை பற்றி ஐ.நா. 2010-ல் ஏற்ற பாங்காக் விதிகள், சிறைக்கு வரும் பெண்ணின் மனநலம், போதைச் சார்பு, முன்பு நேர்ந்த பாலியல் வன்முறை ஆகியவற்றை மருத்துவப் பரிசோதனையிலேயே அறியச் சொல்கின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 103-ஆம் பிரிவு, மாநிலத்தில் ஒரு சிறையிலாவது மனநல நிலையம் அமைக்கப் பணிக்கிறது. புழல், வேலூர், திருச்சி முதலிய பெண்கள் தனிச்சிறைகளில் பெண் மருத்துவரோ உளவியலாளரோ காவலர் காதில் விழாத இடத்தில் இதைக் கேட்கட்டும். அவர் சொல்வது, அவர் விரும்பினாலன்றி வழக்குக் கோப்புக்குப் போகாதிருக்கட்டும். போதைக்கும் பழைய காயத்துக்கும் சேர்த்தே சிகிச்சை நடக்கட்டும்.

விடுதலையான முதல் வாரங்களில், உடல் தாங்காத பழைய அளவில் போதையை எடுத்து இறக்கும் அபாயம் மிகுதி. ஆகவே விடுதலை நாளுக்கு முன்பே மாவட்ட அரசு மருத்துவமனையின் போதை மறுவாழ்வுப் பிரிவில் அவருக்கு நாள் குறித்துத் தாருங்கள். அவர் திரும்பிச் செல்ல வேண்டிய முகவரி அவரை அடித்தவரின் வீடாக இருந்தால், வேறு தங்குமிடமும் ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
சட்ட உதவி வழக்கறிஞர் ஒருவர்