வீட்டை அவள் பேரில் எழுதுகிறோம், முடிவை மட்டும் ஏன் அவளிடம் விடுவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையின் கருக்கலைப்புச் சட்டத்தை இன்னும் இறுக்க வேண்டும், அதுதான் நம் கலாசாரம், கண்டபடி திரிகிற பிள்ளைகளுக்குத்தான் இந்த உரிமை தேவைப்படுகிறது என்று ஒரு வாசகர் சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் குடும்பநல மருத்துவமாதுவாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். மண்முனையில் பாலம் வராத காலத்தில், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் சைக்கிளை ஏற்றி வாவியைக் கடந்து வீடு வீடாகப் போயிருக்கிறேன். அந்த வாசகர் சொல்லும் பெண்களை நான் அதிகம் காணவில்லை. நான் கண்டவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர்கள் தாலி கட்டியவர்கள். இரண்டு, மூன்று பிள்ளை பெற்றவர்கள். நம் நாட்டில் நடந்த ஆய்வுகளும் கருவைக் கலைப்பவர்களில் பெரும்பாலானோர் மணமானவர்கள் என்றுதான் சொல்கின்றன. அறுவடை நேரத்தில் கிளினிக்குக்கு வர முடியாமல் டெப்போ என்ற கர்ப்பத்தடை ஊசி தவறிப்போனவள். கர்ப்பத்தடை லூப் வைத்தால் உடம்புக்கு ஆகாது என்று மாமியார் மறித்து வைத்திருந்தவள். கிழமைக் கடன்காரர் வாசலில் நிற்க, குவைத்துக்குப் போகப் பாஸ்போர்ட்டும் கையுமாக இருந்தவள். சாராயத்தோடு வருகிற புருஷனுக்கு வேண்டாம் என்று சொல்ல முடியாதவள். அப்படி அவள் சொன்னாலும் சட்டம் அவள் பக்கம் இல்லை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்படாத வரைக்கும், மனைவியைக் கணவன் பலவந்தப்படுத்துவது இந்த நாட்டில் வன்புணர்வு இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இல்லை, அதனால் வந்ததை வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இல்லை. அப்புறம் அவளுக்கு என்னதான் மிச்சம்?

சட்டம் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். வெள்ளைக்காரன் 1883இல் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 303ஆம் பிரிவு. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு அன்றி வேறு எதற்காகவும் கருவைக் கலைத்தால் 3 வருடம் வரை சிறை. பிள்ளை வயிற்றுக்குள் அசையத் தொடங்கியிருந்தால் 7 வருடம் வரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். எழுதிக் கொடுத்தவன் தன் நாட்டில் 1967இல் சட்டத்தை மாற்றிக்கொண்டான். நாம் இன்னும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, நம்முடைய கலாசாரம் என்று பேர் வைத்திருக்கிறோம்.

இந்தச் சட்டத்தை நான் புத்தகத்தில் படித்ததைவிட ஒரு தாயின் முகத்தில் அதிகம் படித்தேன். வயல் வேலை செய்கிற குடும்பம், முதற்பிள்ளை. கல்யாணமான கையோடு நான் கொடுத்த ஃபோலிக் அசிட் மாத்திரையை ஒன்றுவிடாமல் குடித்தவள். ஐந்தாம் மாதம் ஸ்கேனில் பிள்ளையின் மண்டையோடு வளரவில்லை, மூளை உருவாகவில்லை என்று தெரிந்தது. இப்படிப் பிறக்கிற பிள்ளை சில மணித்தியாலம், மிஞ்சினால் சில நாள்தான் இருக்கும். டாக்டர் நல்ல மனுஷர், அவரும் கையை விரித்தார். தாயின் உயிருக்கு இப்போதைக்கு ஆபத்தில்லை, ஆகவே சட்டம் இடம் கொடுக்காது.

மறுகா அவள் மாதாமாதம் கிளினிக்குக்கு வந்தாள். நான் நிறை பார்த்தேன், பிரஷர் பார்த்தேன், வயிற்றின் உயரத்தை நாடாவால் அளந்து அட்டையில் பதிந்தேன். பிள்ளை உதைத்தது. பக்கத்து வாங்கில் இருந்த பெண்கள் ஒன்றும் அறியாமல், "வயிறு இறங்கியிருக்கு, பொம்பிளப் பிள்ளைதான்" என்று சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் திரிபோஷா சத்துமா பக்கட்டைக் கையில் கொடுத்தபோது மட்டும், "இது ஆருக்கு மிஸ்ஸி?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. ஊரில் வளைகாப்புக்கு நாள் கேட்டார்கள். நான்கு மாதம் அவள் அந்தப் பிணச்சுமையைச் சுமந்து, நோவெடுத்துப் பெற்று, அன்றைக்கே அடக்கம் செய்தாள். பால் சுரந்தது. அதை வற்ற வைக்கத்தான் என்னால் உதவ முடிந்தது.

இதே தாய் கடலுக்கு அங்கால் தமிழ்நாட்டில் இருந்திருந்தால் மருத்துவர்கள் பார்த்து அனுமதி கொடுத்திருப்பார்கள். இந்தியாவில் 1971 முதல் சட்டம் இருக்கிறது. 2021இல் அதைத் திருத்தி, வன்புணர்வுக்கு உள்ளானவர்களுக்கும் பராயம் அடையாத பிள்ளைகளுக்கும் 24 வாரம் வரை இடம் கொடுத்தார்கள். கடுமையான குறைபாடுள்ள சிசுவுக்கு வார எல்லையே இல்லை. அதனால் அங்கே கோயில்கள் பூட்டிக்கிடக்கின்றனவா? நேபாளத்தில் முன்பு கருவைக் கலைத்த பெண்களைச் சிறையில் போட்டார்கள். 2002இல் சட்டத்தை மாற்றினார்கள்.

இங்கே முயற்சி நடக்காமல் இல்லை. 1995இல் தண்டனைச் சட்டக்கோவையைத் திருத்தியபோது வன்புணர்வு, முறைதகாத உறவு, சிசுவின் கடும் குறைபாடு ஆகியவற்றுக்கு விலக்குக் கொடுக்கும் வாசகம் முதலில் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். 2017இல் வன்புணர்வு, உயிர்பிழைக்க முடியாத சிசு என்ற இரண்டுக்கு மட்டுமாவது விலக்கு அளிக்க அமைச்சரவை இணங்கியது. கத்தோலிக்க ஆயர்கள் உட்பட மதத் தலைவர்கள் எதிர்த்தார்கள், அது கிடப்பில் போடப்பட்டது. அப்போது பாராளுமன்றத்தில் 225 பேரில் பெண்கள் வெறும் 13 பேர். மதத் தலைவர்களின் நம்பிக்கையை நான் மதிக்கிறேன், நானும் வெள்ளிக்கிழமை விளக்கேற்றுகிறவள். ஆனால் வேண்டாம் என்று நம்புகிறவர் கலைக்க வேண்டியதில்லை. அவரின் நம்பிக்கைக்காக மற்றவளைச் சிறைக்கு அனுப்புவதைத்தான் நான் எதிர்க்கிறேன். வன்புணர்வுக்கு ஆளாகி, சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டிய வயதில் மகப்பேற்று வார்டில் கிடக்கும் பிள்ளையைப் பார்க்காத எவரும் எனக்கு இதில் பாடம் நடத்த வேண்டாம்.

சட்டம் இறுக்கமாக இருப்பதால் கலைப்பது நின்றதா? காசுள்ளவள் நகரத்தில் தெரிந்த இடத்துக்குப் போய் இரவோடு வீட்டுக்கு வருகிறாள். இல்லாதவள் யாரோ ஒருவன் கடதாசியில் சுற்றிக் கொடுக்கிற மாத்திரையை, எத்தனை, எப்போது என்று கேட்கவும் பயந்து விழுங்குகிறாள். காய்ச்சலும் நாற்றமுமாகப் பாயில் கிடந்த ஒரு பெண், "வழுக்கி விழுந்துட்டன், ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க மிஸ்ஸி" என்று என் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பொலிஸ் வரும் என்று பயந்து நாலு நாள் கிடந்திருக்கிறாள். அவள் பிழைத்தாள், கர்ப்பப்பை போய்விட்டது. இந்த நாட்டில் 99 வீதத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் வைத்தியசாலையில் நடக்கின்றன. ஒவ்வொரு தாய் மரணத்தையும் துருவி விசாரிக்கிறோம். அதில் எங்களுக்கெல்லாம் பெருமை உண்டு. அப்படியிருந்தும் தாய்மார் சாவதற்கான முக்கிய காரணங்களில் ஒன்றாகக் கருக்கலைப்பால் வரும் கிருமித்தொற்று இன்னும் நிற்கிறது. இவை நம்மால் தடுக்கக்கூடிய மரணங்கள்.

கலாசாரம் என்று எழுதிய அந்த வாசகர் எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையிலும் தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் மகளுக்குத்தான் வீடு கட்டிக் கொடுக்கிறோம். மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில்தான் இருக்கிறான். தாயின் குடியை, அதாவது தாய்வழி வம்சத்தைத்தான் பிள்ளைக்குச் சொல்கிறோம், கோயிலில் உரிமையும் அந்த வழியில்தான் வருகிறது. வளவும் கிணறும் அவள் பேரில் இருக்கலாம் என்று நம்பின நம் முன்னோருக்கு அவள் புத்தியில் நம்பிக்கை இருந்திருக்கிறது. சொத்தைப் பொறுப்பாகப் பார்ப்பாள் என்று நம்புகிறவர்கள், தன் உடம்பைப் பற்றி அவள் எடுக்கும் முடிவை மட்டும் ஏன் பொலிசிடம் கொடுக்கிறார்கள்? என் நிலைப்பாடு 2017 வரைவோடு நிற்கவில்லை. ஆரம்ப மாதங்களில் காரணம் சொல்லாமலே முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கு இருக்க வேண்டும். எந்தப் பெண்ணும் இதை விளையாட்டாகச் செய்து நான் காணவில்லை. ஆனால் இரண்டு விலக்கு கிடைத்தாலும் அதை வாங்கிக்கொண்டு மிச்சத்துக்குப் போராடுவேன்.

2024இல் ஹரினி அமரசூரிய பிரதமரானார். முன்னெப்போதையும் விட அதிகமான பெண்கள் பாராளுமன்றம் போனார்கள். நம்முடைய இரண்டு மாவட்டங்களின் உறுப்பினர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். 2017இல் கிடப்பில் போட்ட அந்த வரைவை மீண்டும் கொண்டுவரச் சொல்வீர்களா, வந்தால் கை உயர்த்துவீர்களா? ஆம், இல்லை என்று இந்தப் பத்திரிகையிலேயே பதில் எழுதுங்கள். மகளிர் தினத்தில் மாலை போட்டுக்கொண்டு பேசுகிற பேச்சு போதும்.

கடைசியாக, இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு. நிற்காத இரத்தப்போக்கோ, காய்ச்சலோ, அடிவயிற்றில் தாங்க முடியாத நோவோ இருந்தால் ஒரு நாளும் பொறுக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். சிகிச்சை பெறுவது குற்றமில்லை, கொடுப்பது டாக்டர்மாரின் கடமை, அதற்குச் சுகாதார அமைச்சின் வழிகாட்டலும் இருக்கிறது. வாகனம் இல்லாவிட்டால் 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள், அம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வரும், காசு கேட்கமாட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடும்பநல மருத்துவமாது,
படுவான்கரை, மட்டக்களப்பு.