எந்த நாள்னு சண்டை போடுறவங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல ஓய்வுநாள் சனிக்கிழமையா ஞாயித்துக்கிழமையான்னு வந்த ரெண்டு லெட்டரையும் படிச்சேன். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கு போறவங்க எல்லாம் ரோம ராஜா கான்ஸ்டன்டைன் பின்னாடி போறவங்கன்னு ஒருத்தர் எழுதியிருந்தார், சனிக்கிழமை ஆசரிக்கிறவங்களுக்கு கிருபைன்னா என்னன்னே தெரியாதுன்னு இன்னொருத்தர். ரெண்டுமே மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா நான் ஞாயிறு ஆராதனைக்கு போறவ, என் கூடப்பிறந்த தம்பி ஏழாம் நாளான சனிக்கிழமையை ஆசரிக்கிற ஒரு சின்ன சபையில இருக்கான், இந்த பேச்சு எங்க வீட்டுக்குள்ளயே பல வருஷமா ஓடுது.

கி.பி. 321ல கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டது உண்மைதான், சூரியனோட நாள்ல கோர்ட்டுக்கும் பட்டணத்து வேலைக்கும் லீவு, விவசாயி மட்டும் வேலை பாக்கலாம்னு. ஆனா அதுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல முன்னாடியே விசுவாசத்துக்காக உயிரை விட்ட இரத்தசாட்சி ஜஸ்டின் ரோம ராஜாவுக்கு எழுதின விண்ணப்பத்துல, நாங்க கூடுறது அந்த நாள்லதான், கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாள் அதுன்னு சொல்லிட்டாரே. அப்புறம் எப்படி ராஜாதான் சனியை ஞாயிறா மாத்தினார்னு சொல்றது? பேரை வச்சு அது புறஜாதி நாள்னா, சனிங்கிறதும் கிரகத்தோட பேர்தான்.

அதே மாதிரி நம்ம ஆளுங்களும் நியாயமா பேசணும். நாலாவது கட்டளை ஏழாம் நாள்னுதான் சொல்லுது, ஞாயிறுன்னு அதுல எங்கயும் இல்ல. 4ம் நூற்றாண்டுல இப்ப துருக்கியில இருக்கிற லவோதிக்கேயாவுல கூடின சபைத் தலைவர்கள் சங்கம் சனிக்கிழமை ஓய்ந்திருக்காதீங்க, வேலை செய்யுங்கன்னு தடை போட்டுச்சு. அப்பவும் அதை ஆசரிச்ச கிறிஸ்தவங்க இருந்ததாலதானே தடை தேவைப்பட்டுச்சு. எத்தியோப்பிய சபை ரெண்டு நாளையும் மதிக்குது.

பண்டிகை விஷயமும் இப்படித்தான். டிசம்பர் 25 சூரிய தெய்வத்தோட விழாவுலருந்து வந்துச்சுன்னு சிலர், மார்ச் 25ல கர்ப்பம் தரிச்சதா வச்சு ஒன்பது மாசம் எண்ணினாங்கன்னு சிலர், ஆராய்ச்சி பண்றவங்களே இன்னும் ஒத்துப்போகல. ஈஸ்டர்ங்கிற பேர் ஒரு தேவதையோட பேர்னு பீட்ங்கிற துறவி 8ம் நூற்றாண்டுல எழுதினார், அது இங்கிலீஷ் ஜெர்மன் பேருக்குத்தான் பொருந்தும், கிரேக்கத்துலயும் லத்தீன்லயும் ஈஸ்டருக்கு பேர் பாஸ்காதான். கிறிஸ்துமஸ் வேணாம்னு சொல்றது சனிக்கிழமைக்காரங்க மட்டும்தான்னும் நினைக்காதீங்க, ஞாயிறை அவ்ளோ கண்டிப்பா ஆசரிச்ச பியூரிட்டன்கள்ங்கிற புராட்டஸ்டன்ட் பிரிவினர் 1659ல அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல கிறிஸ்துமஸ் கொண்டாடினா அஞ்சு ஷில்லிங் அபராதம்னு சட்டமே போட்டாங்க, 1681 வரைக்கும் அது இருந்துச்சு.

எனக்கு ரொம்ப பிடிச்சது பொலிகார்ப்பு விஷயம். 155 வாக்குல சிமிர்னாங்கிற ஊர் (இப்ப துருக்கியில இருக்கு) பிஷப்பான அவர் வயசான காலத்துல ரோம் வரைக்கும் பயணம் போய் அங்க பிஷப்பா இருந்த அனிசெத்துஸ்கிட்ட பாஸ்கா எந்த நாள்னு பேசினார், இயேசுவோட சீஷர் யோவான்கிட்ட கத்துக்கிட்டதை விடமாட்டேன்னு இவர், எனக்கு முன்னாடி இருந்த மூப்பர்கள் வழக்கத்தை விடமாட்டேன்னு அவர். ரெண்டு பேரும் கடைசிவரைக்கும் ஒத்துக்கல. ஆனா அனிசெத்துஸ் தன் சபையிலயே பொலிகார்ப்பை நற்கருணை நடத்த சொன்னார், சமாதானமா பிரிஞ்சாங்க. பின்னாடி 190 வாக்குல ரோம் பிஷப் விக்டர் அதே விஷயத்துக்கு பொலிகார்ப்போட வழக்கப்படி நடந்த ஆசியா மாகாணத்து (இப்போதைய துருக்கி பக்கம்) சபைகளை மொத்தமா தள்ளிவைக்க பாத்தப்ப, லியோன் பிஷப் இரேனியஸ் இதைத்தான் ஞாபகப்படுத்தி கண்டிச்சு எழுதினார்.

என் தம்பி சனிக்கிழமை வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லி நல்ல வேலையையே விட்டவன். நான் ஞாயிறு ஆராதனை முடிஞ்ச கையோட ஆபீஸ் போனை எடுத்து பேசுறவ. ஓய்வுநாளை யார் ஆசரிக்கிறாங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது, அவனை கிருபை தெரியாம சட்டத்தை மட்டும் பிடிச்சுக்கிற நியாயப்பிரமாணத்துக்காரன்னு யாராவது சொன்னா எனக்கு தாங்கல.

டிசம்பர் 25க்கு அவன் எங்க வீட்டுக்கு வரமாட்டான், அதுக்கு முந்தின சனிக்கிழமை அவன் சபைக்கு நான் போறேன். அந்த ரெண்டு லெட்டர் எழுதினவங்களும் ஒரு தடவை ஒருத்தர் ஆராதனைக்கு இன்னொருத்தர் போய் உக்காந்துட்டு அப்புறம் எழுதுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி