காதடைப்பும் கேபின் காற்றும்

பல்லாவரம், சென்னை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. மகளைப் பார்க்க டொராண்டோ போகிறாய், கமலாவையும் அழைத்துப் போகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் நலம். பேத்தி பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறாள். எனக்கு முழங்கால் வலிதான் விடமாட்டேன் என்கிறது.

"அவ்வளவு உயரத்தில் காற்றே இருக்காதாமே, உள்ளே எப்படி மூச்சு விடுவது?" என்று கமலா கேட்டதாக எழுதியிருந்தாய். விமானப் பராமரிப்பிலேயே காலத்தைக் கழித்தவன் நான். இதற்கு முழுதாகப் பதில் சொல்லாமல் உங்களை ஏற்றிவிட எனக்கு மனம் வராது.

36,000 அடியிலும் காற்று இருக்கிறது. அதில் ஆக்சிஜனின் பங்கும் தரையில் உள்ள அதே 21 சதவீதம்தான். அழுத்தம்தான் கால் பங்குகூடத் தேறாது. நுரையீரலிலிருந்து ரத்தத்தில் ஆக்சிஜன் சேர அது போதாது. ஆகவே பெரும்பாலான விமானங்களில் என்ஜினின் கம்ப்ரஸர் அழுத்திய சூடான காற்றில் ஒரு பகுதியைப் பிரித்து, குளிரவைத்து, பயணிகள் அமரும் கேபினுக்குள் இடைவிடாமல் செலுத்துகிறார்கள். பலர் விமானத்தை இறுக மூடிய பெட்டி என்று நினைக்கிறார்கள். உண்மையில் வால் பக்கத்தில், உடலின் அடியில், ஒரு வால்வு இருக்கிறது. உள்ளே வந்த காற்று அதன் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். அது எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதைத் தானியங்கிக் கருவி கணித்துக்கொண்டே வரும். வெளியே எந்த உயரமானாலும் கேபினுக்குள் 8,000 அடிக்கு மேல் போனதாக நம் உடம்பு உணராது. அதாவது ஊட்டிக்கும் தொட்டபெட்டா உச்சிக்கும் இடைப்பட்ட உயரம். போயிங் 787 என்றால் இன்னும் சௌகரியம், 6,000 அடிதான்.

நடுவானில் யாராவது கதவைத் திறந்துவிட்டால் என்ற பயத்தை விட்டுவிடச் சொல். அந்த உயரத்தில் உள்காற்று ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஐந்து டன்னுக்கு மேற்பட்ட விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். பெரும்பாலான பயணிகள் விமானங்களில் கதவைத் திறக்க முதலில் அதை அந்த விசைக்கு எதிராக நகர்த்த வேண்டும். மனிதக் கையால் ஆகாது. ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கண்ணாடியின் கீழ்ப்பக்கத்தைக் கவனி, ஊசிமுனை அளவில் ஒரு துளை தெரியும். பழுது என்று பதறாதே. ஜன்னலில் மூன்று அடுக்குக் கண்ணாடி உண்டு, அது நடுக் கண்ணாடியில் வேண்டுமென்றே போட்டது. அந்தத் துளை வழியாக அழுத்தம் வெளிக்கண்ணாடிக்குப் போய்விடும். பாரம் முழுவதையும் அதுவே தாங்கும். நடுக் கண்ணாடி, வெளிக்கண்ணாடி உடைந்தால் தாங்கிக்கொள்வதற்காக வைத்தது.

என் கவலை உடைப்பு பற்றியது அல்ல, சத்தமில்லாமல் அழுத்தம் குறைவது பற்றியது. 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் புறப்பட்ட ஹீலியோஸ் ஏர்வேஸ் 522 எனக்கு மறக்காது. அதிகாலையில் பராமரிப்புச் சோதனைக்காக அழுத்தக் கட்டுப்பாட்டு ஸ்விட்சை 'மேனுவல்' நிலைக்கு மாற்றியவர்கள் திரும்ப 'ஆட்டோ'வுக்குக் கொண்டுவரவில்லை. புறப்படுமுன் பார்த்த விமானிகளின் கண்ணுக்கும் அது தப்பிவிட்டது. விமானம் ஏற ஏறக் கேபின் அழுத்தம் இறங்கியது. எச்சரிக்கை ஒலி கேட்டது. ஆனால் அதே ஒலி தரையில் வேறொரு பிழைக்கும் ஒலிக்கக்கூடியது. விமானிகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் குறைந்தால் வலிக்காது, சண்முகம். முதலில் போவது நிதானம். அது போய்விட்டதே தெரியாது. இருவரும் நினைவிழந்த பிறகும் ஆட்டோபைலட் விமானத்தை ஏதென்ஸ் வரை கொண்டுபோய் வட்டமிட வைத்தது.

உடன் பறந்த கிரேக்கப் போர் விமானிகள், தொங்கும் ஆக்சிஜன் முகமூடிகளையும் அசையாமல் கிடந்த துணை விமானியையும் பார்த்தார்கள். ஆந்த்ரேயாஸ் ப்ரோட்ரோமு என்ற விமானப் பணியாளர் மட்டும், கையில் எடுத்துப்போகும் சிறிய ஆக்சிஜன் சிலிண்டர்களின் உதவியால்தான் இருக்க வேண்டும், எழுந்து நடமாடினார். விமானி அறைக்குள் வந்து கேப்டனின் இருக்கையில் அமர்ந்தார். விமானம் ஓட்டப் பயின்றவர். சற்றைக்கெல்லாம் எரிபொருள் தீர்ந்து ஓர் என்ஜின் நின்றது. 121 பேரும் இறந்தார்கள். பின்னர் அந்த ரக 737 விமானங்களில் இந்த ஆபத்துக்கென்றே தனி விளக்குகள் வைக்க அமெரிக்கா உத்தரவிட்டது. ஸ்விட்சை மாற்றி வைத்தவர்களை மட்டும் நான் குறை சொல்லமாட்டேன். இரண்டு ஆபத்துக்கு ஒரே ஒலியை வைத்ததும் பெரிய குற்றமே.

2018 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஜெய்ப்பூர் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானத்திலும் காற்றைத் திறந்துவிடும் ஸ்விட்சை மறந்தார்கள். பலருக்கு மூக்கிலும் காதிலும் ரத்தம். ஆனால் முகமூடிகள் விழுந்தன, விமானம் திரும்பியது, எல்லோரும் பிழைத்தார்கள்.

ஆகவே முகமூடி விழுந்தால் உடனே உன் பக்கம் இழுத்து மாட்டிக்கொள். இழுத்தால்தான் பல விமானங்களில் ஆக்சிஜன் உற்பத்தியே தொடங்கும். முகமூடியோடு தொங்கும் பை உப்பாவிட்டாலும் ஆக்சிஜன் வரும். லேசாகக் கருகிய வாடை வந்தாலும் பயப்படாதே. உன்னை எனக்குத் தெரியும், முதலில் கமலாவுக்குத்தான் மாட்டக் கை போகும். கூடாது. 35,000 அடியில் நிதானம் நிலைப்பது அரை நிமிடம், அதிகம் போனால் ஒரு நிமிடம். உனக்கு மாட்டிக்கொண்டு அவளுக்கு மாட்டு. அந்த ஆக்சிஜன் பன்னிரண்டு நிமிடம் போல வரும். அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். அங்கே முகமூடி வேண்டாம்.

காதடைப்பு ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அதிகம். எச்சிலை விழுங்கு, கொட்டாவி விடு, மிட்டாய் சப்பு. கமலாவுக்குச் சளி இருந்தால் புறப்படுமுன் டாக்டரிடம் காட்டிவிடு.

டிக்கெட் தேதி உறுதியானதும் எழுது. முந்தின நாளே இங்கே வந்து தங்கிவிடுங்கள். விமான நிலையம் பக்கம்தான், நானே கொண்டுவந்து விடுகிறேன்.

அன்புடன்,
ராஜகோபால்