எதிராளி யார் என்பதை விடு, எந்த வருஷம் என்று கேள்: ஆஸ்டினில் படிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பியதைப் படித்தேன். உன் டெக்சாஸ் பல்கலைக்கழக ஃபுட்பால் டீமான லாங்ஹார்ன்ஸ் இன்னொரு பெரிய டீமோடு ஹோம் அண்ட் ஹோம் (ஒரு வருஷம் இங்கே, இன்னொரு வருஷம் அங்கே என்று இரண்டு மேட்ச்) பேசிக்கொண்டிருக்கிறதாம். உன் ரூமில் பாதிப் பேர் "வரட்டும், ஒரு கை பார்ப்போம்" என்கிறார்களாம். மீதிப் பேர் "போன சீசன்ல பட்டது போதாதா" என்கிறார்களாம். அந்த டீமின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அடுத்த மாதம் வேறு பெயர் அடிபடும், சண்டை மட்டும் மாறாது. எதிராளி எவ்வளவு பலசாலி என்பதிலேயே நீங்கள் எல்லோரும் நின்றுவிடுகிறீர்கள். எந்த வருஷம், யார் மைதானம், சீசனின் எந்த வாரம் என்று ஒருவரும் கேட்கவில்லை. முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அவைதான்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் ஒரு சீசனுக்கு 12 மேட்ச். டீம்கள் கான்ஃபரன்ஸ் என்ற குழுக்களாகப் பிரிந்து ஆடும். டெக்சாஸ் இருக்கும் எஸ்இசி கான்ஃபரன்ஸில் 2026 முதல் அதில் 9 மேட்ச் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே போய்விடும். முன்பு 8 இருந்தது. மீதி மூன்றைத்தான் பல்கலைக்கழகம் தானே பேசிப் பிடிக்கிறது. அவைதான் நான்-கான்ஃபரன்ஸ் மேட்ச். அந்த மூன்றிலும் ஒன்றாவது பிக் டென், ஏசிசி, பிக் 12 என்ற மற்ற பெரிய கான்ஃபரன்ஸ்களிலுள்ள ஒரு டீமோடோ, எதிலும் சேராத நோட்ர டேமோடோ இருக்க வேண்டும் என்பது எஸ்இசி விதி. ஆக, "மூணும் சப்பை டீமா போடு" என்று சொல்லும் உன் நண்பர்களின் வாதம் ஏற்கெனவே செத்துவிட்டது. அந்த ஒரு இடத்தில் ஒஹாயோ ஸ்டேட் மாதிரி ஒன்றை வைப்பதா, நடுத்தரமான ஒன்றை வைப்பதா என்பதுதான் இப்போது மிச்சமிருக்கும் கேள்வி.

முதலில் உள்ளூர் மேட்ச் கணக்கைப் பார். எந்தப் பெரிய டீமும் சீசனுக்கு 7 மேட்சாவது தன் மைதானத்தில் நடக்க வேண்டும் என்று பார்க்கும். டிக்கெட், பார்க்கிங், சாப்பாட்டுக் கடை, நன்கொடையாளர் இருக்கை என எல்லா வருமானமும் அதில்தான். ஒன்பது கான்ஃபரன்ஸ் மேட்ச் என்றால் ஒரு வருஷம் 5 உள்ளூர், 4 வெளியூர். அடுத்த வருஷம் தலைகீழ். நான்கே உள்ளூர் மேட்ச் வரும் வருஷத்தில் மூன்று நான்-கான்ஃபரன்ஸும் சொந்த மைதானத்தில் நடந்தால்தான் 7 தேறும். அதனால் மற்ற டீம்கள் வெளியூர்ப் பயணத்தை ஐந்து உள்ளூர் மேட்ச் வரும் வருஷத்தில்தான் ஒப்புக்கொள்ளும். இரண்டு டீமின் சுழற்சியும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், இரண்டுக்கும் ஒரே வருஷம் வெளியூர் போவது சௌகரியமாக இருக்கும், பேச்சு அங்கேயே முறியும். எத்தனையோ வதந்திகள் இப்படித்தான் சத்தமில்லாமல் போகின்றன.

டெக்சாஸின் நிலைமை இன்னும் இறுக்கம். ஓக்லஹோமாவோடான மேட்ச் ஒவ்வொரு வருஷமும் டாலஸ் காட்டன் பௌலில் நடக்கிறது. ஒரு வருஷம் காகிதத்தில் டெக்சாஸ் உள்ளூர் டீம், மறு வருஷம் ஓக்லஹோமா. ஆஸ்டினுக்கு இரண்டு வருஷமும் எதுவும் வராது. மீதி எட்டில் நாலு உள்ளே, நாலு வெளியே. ஆகவே எந்த வருஷமானாலும் ஆஸ்டினில் நடக்கும் கான்ஃபரன்ஸ் மேட்ச் நாலுதான். மூன்று நான்-கான்ஃபரன்ஸும் இங்கே நடந்தால் 7, ஒன்று வெளியே போனால் 6. கான்ஃபரன்ஸ் மேட்ச் எட்டாக இருந்த 2025-இலும், ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆட அவர்கள் ஊரான கொலம்பஸ் போனபோது ஆஸ்டினில் ஆறு மேட்ச்தான் நடந்தது என்பது உனக்கே தெரியும். ஒரே வருஷத்தில் இரண்டு வெளியூர் நான்-கான்ஃபரன்ஸ் என்று எவனாவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. ஏற்கெனவே ஒரு வெளியூர்ப் பயணம் கையெழுத்தான வருஷத்தில் இன்னொன்று என்ற வதந்தியும் அந்த ரகம்தான்.

சரி, போன சீசன். 2025 ஆகஸ்ட் 30, ஒஹாயோ ஸ்டேட் 14, டெக்சாஸ் 7. பந்தோடு முன்னேறிய யார்டு கணக்கில் டெக்சாஸ் 336, அவர்கள் 203. நாலாவது டவுனில் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு முயற்சியில் கடைசியில்) டெக்சாஸ் ஐந்து முறை துணிந்து ஒரே ஒரு முறைதான் தேறியது. மூன்றாவது குவார்ட்டரில் கோல் கோட்டிலிருந்து ஒரு யார்டில் நின்று டெக்சாஸ் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஆர்ச் மேனிங் நடுவில் புகப் பார்த்தார். ஒஹாயோ ஸ்டேட்டின் முன்வரிசை அசையவில்லை. அடுத்த குவார்ட்டரில் 40 யார்டு பாஸ் ஒன்று ஒஹாயோ ஸ்டேட்டின் கார்னெல் டேட் கையில் விழுந்தது, மேட்ச் முடிந்தது.

சீசன் முடிவில் டெக்சாஸ் 9-3, அதாவது ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி. சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபுக்கு டீம்களைத் தேர்ந்தெடுக்கும் கமிட்டியின் கடைசிப் பட்டியலில் 13-ஆவது இடம். பன்னிரண்டு டீம் பிளேஆஃப் என்றாலும், சிறிய கான்ஃபரன்ஸ் சாம்பியன்களான டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் உள்ளே வந்ததால் கோடு 10-ஆவது இடத்திலேயே விழுந்தது. பெரிய டீமோடு மோதியதற்குத் தண்டனை கிடைத்தால் யார் இனி மோதுவார்கள் என்று கோச் ஸ்டீவ் சார்க்கீசியன் கேட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஓக்லஹோமா, டெக்சாஸ் ஏ அண்ட் எம், வாண்டர்பில்ட் மூன்றையும் வென்ற ஒரு டீம், கொலம்பஸுக்குப் பதில் ஆஸ்டினில் ஒரு சின்ன டீமை அடித்து 10-2 என்று நின்றிருந்தால் உள்ளே போயிருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அந்த மூன்று தோல்வியில் இன்னொன்று ஃபுளோரிடாவிடம், 29-21. அந்த ஃபுளோரிடா சீசனை 4-8 என்று முடித்த டீம். ஷெட்யூலைக் குறை சொல்பவர்கள் இந்த மேட்சைப் பற்றி மூச்சு விடுவதில்லை. அது கான்ஃபரன்ஸ் கொடுத்த மேட்ச், யாரும் விரும்பிப் போட்டதல்ல.

"இண்டியானாவைப் பார்" என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். சொல்லட்டும், பொருத்தமான உதாரணம்தான். கோச் கர்ட் சிக்னெட்டியின் முதல் சீசனான 2024-இல் தொடர வேண்டியிருந்த லூயிவில் தொடரை இண்டியானா ரத்து செய்தது. 2025-இல் அவர்களுடைய மூன்று நான்-கான்ஃபரன்ஸ்: ஓல்ட் டொமினியன், கென்னசா ஸ்டேட், இண்டியானா ஸ்டேட். மூன்றும் சொந்த மைதானத்தில். அதே சீசனில் 16-0 என்று முடித்துக் கோப்பையைத் தூக்கினார்கள். இதில் மறைந்திருப்பது என்னவென்றால், கான்ஃபரன்ஸுக்குள்ளேயே ஆரகனை ஆரகன் மைதானத்தில் 30-20 என்றும், பிக் டென் இறுதியில் ஒஹாயோ ஸ்டேட்டை 13-10 என்றும் வென்றார்கள். தோல்வியே இல்லாதவனிடம் யாரோடு ஆடினாய் என்று கமிட்டி துருவாது. ஒரு தோல்வி வந்தாலும் துருவும். இண்டியானா வழி முழுக்க ஜெயிப்பவனுக்கான வழி. 9-3 என்று முடிக்கும் டீமை அது காப்பாற்றாது.

எதிர்ப்பக்கம் மயாமியைப் பார். 2025 ஆகஸ்ட் 31 அன்று சொந்த மைதானத்தில் நோட்ர டேமை 27-24 என்று வென்றார்கள். பிறகு லூயிவில், எஸ்எம்யு இரண்டிடமும் தோற்று, சொந்தக் கான்ஃபரன்ஸ் இறுதிக்குக்கூடப் போகவில்லை. நோட்ர டேம் முதல் இரண்டு மேட்சில் மயாமியிடம் 3 புள்ளியிலும், ஏ அண்ட் எம்மிடம் 41-40 என்று ஒரே புள்ளியிலும் தோற்று, அதன்பின் பத்தையும் வென்றது. இரண்டும் 10-2. கடைசி இடத்துக்கு இரண்டும் நின்றபோது மயாமி 10, நோட்ர டேம் 11. நேருக்கு நேர் யார் வென்றார் என்பதே எடுபட்டது. மயாமி அங்கிருந்து இறுதி ஆட்டம் வரை போய் இண்டியானாவிடம் 27-21 என்று தோற்றது. ஆகஸ்ட் மாதத்து நான்-கான்ஃபரன்ஸ் மேட்சின் மூன்று புள்ளி டிசம்பரில் ஒரு சீசனையே தூக்கி நிறுத்தியது, இன்னொன்றைக் கவிழ்த்தது. பெரிய எதிராளி வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. வேண்டாம் என்பவர்களுக்கும் கிடையாது.

சப்பை டீம் என்றால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதே. 2007-இல் மிஷிகன் 4 லட்சம் டாலர் கொடுத்து அப்பலாச்சியன் ஸ்டேட்டை வரவழைத்து 34-32 என்று தோற்றது. 2024-இல் நோட்ர டேம் 14 லட்சம் டாலர் கொடுத்து நார்தர்ன் இலினாயிடம் 16-14 என்று தோற்றது. பெரிய டீமிடம் தோற்றால் கமிட்டி ஓரளவு பொறுக்கும், இவர்களிடம் தோற்றால் டிசம்பர் வரை பேசும். நோட்ர டேம் சீசனின் மீதி மேட்ச் எல்லாவற்றையும் வென்றதால்தான் அந்த வருஷம் தப்பியது.

இந்த ஒப்பந்தங்கள் எவ்வளவு முன்னால் போடப்படுகின்றன என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். டெக்சாஸ்-மிஷிகன் தொடரை 2014-இல் அறிவித்தார்கள்: 2024-இல் மிஷிகனின் ஊரான ஆன் ஆர்பர், 2027-இல் ஆஸ்டின். அறிவித்த சீசனில் மிஷிகன் 5-7, டெக்சாஸ் 6-7. மேட்ச் நடந்தபோது மிஷிகன் நடப்புச் சாம்பியன், டெக்சாஸ் 31-12 என்று வென்றது. மிஷிகன் பக்கம் ஒப்பந்த காலத்தில் ப்ரேடி ஹோக், சாம்பியன் ஆனபோது ஜிம் ஹார்பா, மேட்ச் அன்று ஷெரோன் மூர். அடுத்து ஆஸ்டினுக்கு வரவேண்டியவர் கைல் விட்டிங்ஹாம். ஒரே தொடருக்கு நாலு கோச். கமிட்டி எடைபோடுவது மேட்ச் நடக்கும் சீசனில் எதிராளி எப்படி இருந்தான் என்பதைத்தான். கையெழுத்துப் போட்ட நாளில் இருந்த பெயருக்கு அங்கே மதிப்பில்லை. ஆகவே எட்டு வருஷம் கழித்து வரும் ஒரு டீமைப் பற்றி "இப்ப அவங்க டிஃபென்ஸ் பயங்கரம்" என்று ராத்திரி முழுக்க விவாதிப்பதில் புண்ணியமில்லை. அந்த டிஃபென்ஸில் ஆடப்போகிறவன் இன்று ஐந்தாம் வகுப்பில் இருப்பான்.

வதந்தியைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். இரண்டு டீமும் ஏற்கெனவே அறிவித்திருக்கும் எதிர்கால ஷெட்யூலை எடு. அந்த வருஷம் இருவருக்கும் ஒரே சனிக்கிழமை காலியா என்று பார். காலி இல்லையென்றால் யாரைக் கழற்றிவிட வேண்டும், அதற்கு அபராதம் எவ்வளவு என்று தேடு. டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம். மாநிலப் பொதுத் தகவல் சட்டப்படி மேட்ச் ஒப்பந்தத்தின் நகலை யார் வேண்டுமானாலும் எழுதிக் கேட்கலாம். நோட்ர டேம் போன்ற தனியார் நிறுவனம் தராது, ஆனால் அதே ஒப்பந்தம் எதிர்த்தரப்பு அரசுப் பல்கலைக்கழகத்தின் கோப்பிலும் இருக்கும். கையில் கிடைத்தால் நேராக ரத்து ஷரத்துக்குப் போ. கான்ஃபரன்ஸ் தன் மேட்ச் எண்ணிக்கையை மாற்றினால் அபராதமில்லாமல் விலகலாம் என்று சில ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள். எஸ்இசி 8-லிருந்து 9-க்குப் போன பிறகு அந்த வரி ரொம்ப முக்கியம்.

அபராதம் இருந்தாலும் அது பூட்டு அல்ல. 2026, 2027-இல் டென்னஸியோடு ஆட வேண்டிய நெப்ராஸ்கா, 2025 பிப்ரவரியில் மைதான வேலையைக் காரணம் சொல்லி விலகியது. மேட்சுக்கு 5 லட்சம், மொத்தம் 10 லட்சம் டாலர். பதிலுக்கு பௌலிங் கிரீனையும் ஒஹாயோவில் இருக்கும் மயாமியையும் உள்ளூரில் வைத்துக்கொண்டது. நிரம்பிய மைதானத்தில் ஒரு உள்ளூர் மேட்ச் கூடுதலாகக் கிடைத்தால் அந்த அபராதம் சில்லறைக் காசு. அதனால் கையெழுத்தான செய்தி வந்தாலும் முழுசாக நம்பாதே. அபராதம் பெரிதாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நம்பு.

பொது மைதானம் (இரண்டு டீமுக்கும் சொந்தமில்லாத ஊர்) என்று பேச்சு வந்தால் எதிர்த்துப் பேசு. காசு வரும், மாணவர்களுக்கு ஒன்றும் வராது. டெக்சாஸுக்கு டாலஸில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அது போதும்.

வாரம் பற்றியும் கேள். பெரிய எதிராளி முதல் வாரமே வந்தால் புது குவார்ட்டர்பேக், புது முன்வரிசை எதையும் சோதிக்க நேரமில்லை. கொலம்பஸில் நடந்தது அதுதான். இந்த 2026-இல் முதலில் டெக்சாஸ் ஸ்டேட், செப்டம்பர் 12 அன்று ஒஹாயோ ஸ்டேட், பிறகு யுடிஎஸ்ஏ (சான் அன்டோனியோவிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம்). மூன்றும் ஆஸ்டினில். இதைவிட ஒழுங்கான வரிசை கிடைப்பது கஷ்டம். முன்னால் ஒரு பயிற்சி மேட்ச், பின்னால் மூச்சுவிட ஒன்று, தோற்றாலும் மீள ரெண்டரை மாதம். புது வதந்தியும் இந்த அமைப்பில் வந்தால் நான் வேண்டும் என்பவர்கள் பக்கம். முதல் வாரம், வெளியூர், மறுவாரமே கான்ஃபரன்ஸ் மேட்ச் என்று வந்தால் எவ்வளவு பெரிய பெயரானாலும் வேண்டாம்.

டிவி உரிமை உள்ளூர் டீமின் கான்ஃபரன்ஸுக்கு. பிக் டென் மைதானம் என்றால் பெரும்பாலும் ஃபாக்ஸ், அதற்குப் பிடித்தது கிழக்கு நேரம் மதியம் 12. ஆஸ்டினில் காலை 11, சென்னையில் இருக்கும் நமக்கு இரவு 9.30, சௌகரியம். ஆஸ்டினில் மாலை 6.30-க்கு வைத்தால் இங்கே ஞாயிறு விடியற்காலை 5 மணி.

வெளியூர் மேட்சுக்குப் போகலாம் என்று திட்டமிருந்தால் இப்போதே ஒன்று தெரிந்துகொள். வருகிற டீமுக்கென்று சில ஆயிரம் டிக்கெட்தான் ஒதுக்குவார்கள், எவ்வளவு என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். அதில் பெரும்பங்கு நன்கொடையாளர்களுக்கு நன்கொடைக்குக் கிடைக்கும் புள்ளி வரிசைப்படி போகும். மாணவன் கைக்கு வருவது அபூர்வம். 2027-இல் மிஷிகன் ஆஸ்டினுக்கு வரும்போது நீ படித்துக்கொண்டிருப்பாய் என்றால், மாணவர் சீசன் பாஸை விற்பனை திறந்த அன்றே எடுத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்