வராத காருக்கு இடம் எங்கே? நகரத் திட்டக் குழுமத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகரத் திட்டக் குழுமத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். எங்கள் தெருவுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. அடியில் இருப்பது உங்கள் கையெழுத்து. எந்தப் பகுதி வீட்டுக்கு, எது கடைக்கு, எது தொழிற்சாலைக்கு என்று ஊரை மண்டலங்களாகப் பிரிக்கும் நிலப்பயன்பாட்டு விதிகளைத் திருத்தப்போவதாக நீங்கள் அறிவித்ததும், கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியதும், அப்புறம் அந்தக் கோப்பு அசையாமல் கிடப்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நோட்டீஸ் வந்தது, வீட்டின் முன்னறையில் இரண்டு தையல் மெஷின் போட்டுத் துணி தைத்துக் கொடுக்கும் அக்காவுக்கு. குடியிருப்பு மண்டலத்தில் அனுமதியில்லாமல் வணிகம் செய்கிறார் என்று குற்றச்சாட்டு. தொடர்ந்து தைக்க வேண்டுமானால் நிலப்பயன்பாட்டு மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு வரைபடம் வேண்டும், பக்கவாட்டில் காலியிடம் வேண்டும், வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடம் வேண்டும். அவரிடம் துணி கொடுப்பவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்துக்காரர்கள், நடந்து வருகிறவர்கள். வராத காருக்கு இடம் காட்ட வேண்டுமானால் அவர் முன்னறையைத்தான் இடிக்க வேண்டும். இடித்துவிட்டு மெஷினை எங்கே போடுவது என்று உங்கள் கவுண்ட்டரில் கேட்டிருக்கிறார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்களாம்.

வணிக மண்டலத்தில் கடை பிடித்துக்கொள்ளலாமே என்பீர்கள். நடக்க முடியாத மாமியாரைப் பார்த்துக்கொண்டே நாலு காசு சம்பாதிக்க வேறு வழியில்லை என்பதால்தான் அவர் வீட்டில் இருந்து தைக்கிறார். சரி, குடும்பத்தோடு கடைத்தெருவுக்கே போய், கீழே கடை மேலே வீடு என்று இருந்துகொள்ளலாமா? அதற்கும் உங்கள் விதி விடாது. அங்கே மாடிகள் பூட்டிக் கிடக்கின்றன. பாய் விரித்துப் படுத்தால் அது விதிமீறல்.

இதே தெருவில் நானும் வீட்டில் உட்கார்ந்து, கணினியில், எங்கோ இருக்கும் நிறுவனத்துக்கு நாள் முழுக்க வேலை பார்க்கிறேன். எனக்கு நோட்டீஸ் இல்லை. நான் வாசலில் போர்டு மாட்டவில்லை, அவர் மாட்டினார். வித்தியாசம் அவ்வளவுதான். ஒளிவுமறைவில்லாமல் தொழில் செய்தால் என்ன கிடைக்கும் என்று தெருவே தெரிந்துகொண்டது.

மண்டலங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் லேத் பட்டறை ஓடினால் முதல் புகார் என்னுடையதாகத்தான் இருக்கும். இந்த விதிகள் பிறந்ததும் அப்படிப்பட்ட புகாரில்தான். அமெரிக்காவில் யூக்ளிட் என்ற சிற்றூரின் மண்டல விதிகளை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1926-இல் ஏற்றுக்கொண்டபோது, தொழுவத்தில் இருக்க வேண்டிய பன்றி வரவேற்பறைக்கு வந்தால்தான் தொல்லை என்ற பொருளில் நீதிபதி சதர்லேண்ட் எழுதினார். அதாவது, தொல்லை உண்டா என்பதுதான் கேள்வி. ஏறத்தாழ நூறு வருஷம் ஆகிறது. நாம் தொல்லையை மறந்துவிட்டு மண்டலத்துக்கு மண்டலம் வரைபடத்தில் பூசிய வண்ணத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஜப்பானைப் பாருங்கள். நாடு முழுவதற்கும் ஒரே பட்டியல், 13 வகை மண்டலங்கள். அதில் மிகக் கண்டிப்பான தாழ்மாடிக் குடியிருப்பு மண்டலத்தில்கூட, வீட்டோடு சேர்ந்த சில வகைக் கடைகளை நடத்தலாம். கடை 50 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது, கட்டடத்தில் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் தையற்கடை இருக்கிறது. மோட்டார் வைத்தால் மொத்தத் திறன் 0.75 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. எங்கள் அக்காவின் இரண்டு மெஷினையும் சேர்த்தாலும் அதைத் தொடாது. வணிக மண்டலங்களிலும் அங்கே வீடு கட்டத் தடையில்லை. தொழிற்சாலைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய மண்டலத்தில்தான் குடியிருக்கக் கூடாது. மோட்டாரை அளந்து விதி எழுதியவர்களும் உங்களைப் போன்ற அதிகாரிகள்தான்.

வண்டி நிறுத்தும் இடக் கணக்கையும் உலகம் கைவிட்டுக்கொண்டிருக்கிறது. கட்டடத்துக்குக் குறைந்தபட்சம் இத்தனை கார் நிறுத்த இடம் என்ற கட்டாயத்தை அமெரிக்காவின் பஃபலோ நகரம் 2017-இல் எடுத்துவிட்டது. நியூசிலாந்து 2020-இல் தன் நகரங்களிடம் அந்தக் கட்டாயத்தை நீக்கச் சொன்னது.

ஆகவே நான் கேட்பது இதுதான்: வீட்டோடு சேர்ந்த சிறு தொழிலை, தொல்லையில்லாதவரை, விண்ணப்பமும் மாற்றமும் இல்லாமல் உரிமையாக அனுமதியுங்கள். சத்தத்துக்கு வரம்பு வையுங்கள், நேரத்துக்கு வையுங்கள், வெளியிலிருந்து வேலைக்கு வரும் ஆட்களின் எண்ணிக்கைக்கு வையுங்கள். மீறினால் நடவடிக்கை எடுங்கள். யாரும் ஆட்சேபிக்கப்போவதில்லை.

விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதானே என்று கூட்டத்தில் உங்கள் தரப்பில் ஒருவர் சொன்னார். நல்ல வார்த்தை. ஆனால் ஆலோசகரை வைத்துக்கொள்ள வசதி உள்ளவருக்கு மனை மனையாக நிலப்பயன்பாடு மாறுகிறது. நேற்று குடியிருப்பாக இருந்த இடத்தில் இன்று ஏழு மாடி வளாகம் நிற்கிறது. அதன் ஜெனரேட்டர் சத்தம் எந்த மண்டலத்துக்கு உரியது என்று தெரியவில்லை. தையல் மெஷினின் சத்தம் மட்டும் உங்கள் அலுவலகம்வரை கேட்டிருக்கிறது. நல்ல காதுதான்.

அது தனி மடலுக்கான விஷயம். இப்போதைக்குத் தாழ்மையோடு கேட்கிறேன்: அந்தக் கோப்பைத் திறங்கள். வீட்டுத் தொழிலுக்கும், கடைகளின் மேல்மாடியில் குடியிருப்பதற்கும் அனுமதி தரும் வரைவை வெளியிடுங்கள், அதற்கு ஒரு தேதியும் சொல்லுங்கள். வரைவு வரும்வரை, சத்தமோ புகையோ இல்லாத வீட்டுத் தொழில்களுக்கு அனுப்பிய நோட்டீஸ்களை நிறுத்தி வையுங்கள். எங்கள் தெரு நோட்டீஸுக்குப் பதில் சொல்லும் கெடு நெருங்குகிறது. அதற்குள் ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
அதே தெருவில் போர்டு மாட்டாமல் தொழில் செய்யும் ஒருவர்