சாப்ளின் படம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திரைப்பட இயக்க நண்பர்களுக்கும், பள்ளி, கல்லூரி, நூலக அரங்குகளில் படம் போடும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் பெருமந்தத்தை, அதாவது 1930-களின் பொருளாதார வீழ்ச்சியைப் பற்றிப் பேச்சு வந்தால் நீங்கள் கையில் எடுப்பது சாப்ளினைத்தான். அதில் எங்களுக்கு மறுப்பே இல்லை. 1933-ல் அங்கே ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு வேலை கிடையாது. தியேட்டர்காரர்கள் தட்டும் கோப்பையும் இனாமாகக் கொடுத்து ஆள் சேர்த்த காலம் அது. அந்த ஜனங்களைச் சிரிக்க வைத்த ‘சிட்டி லைட்ஸ்’ (1931), ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) இரண்டையும் நீங்கள் இன்றும் போடுகிறீர்கள். ஆனால் போடுகிற விதத்தில் பாதிச் சிரிப்பு செத்துப்போகிறது. படம் பழசு என்பதால் அல்ல, யாரோ ரிமோட்டில் தப்பான பொத்தானை அழுத்தியதால்.

முதல் குற்றம், படத்தை இழுத்து அகலமாக்குவது. இந்தப் படங்கள் ஏறக்குறைய 4:3 சட்டத்தில், அதாவது அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு என்ற அளவில் எடுக்கப்பட்டவை. இன்றைய 1920×1080 திரையில் அவற்றுக்கு 1440 புள்ளி அகலம் போதும்; இரு பக்கமும் 240 புள்ளி கறுப்பாக நிற்கும், நிற்கத்தான் வேண்டும். ‘சிட்டி லைட்ஸ்’ இன்னும் குறுகல். ஃபிலிமின் ஓரத்தில் ஒலிப்பட்டைக்கு இடம் விட்டதால் சட்டம் கிட்டத்தட்டச் சதுரமாகிவிட்டது. கறுப்பு பார்க்க அசிங்கம் என்று முழுத் திரைக்கும் இழுத்தால் உருவம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருத்துவிடும். சாப்ளின் போடும் அந்த நாடோடி வேஷத்தின் உடையையே எடுத்துக்கொள்ளுங்கள்: இறுக்கமான கோட்டு, தொளதொள பேன்ட், சின்னத் தொப்பி, பெரிய பூட்ஸ். ஒன்றுக்கொன்று ஒவ்வாததுதான் அந்த வேஷம். இழுத்த படத்தில் கோட்டும் தொளதொளவென்று தெரியும், போச்சு.

இழுக்காமல் பெரிதாக்கினால் வேறு கேடு. மேலும் கீழுமாகக் கால்வாசிப் படம் வெட்டுப்படும். சாப்ளின் தலை முதல் கால் வரை தெரியும்படி நின்று நடித்தவர். பூட்ஸை வெட்டிவிட்டு அவரைக் காட்டுவது, பரதநாட்டியத்தை இடுப்புவரை காட்டுவது மாதிரி.

அடுத்தது வேகம். விவரம் தெரிந்தவர்கள் சறுக்குவதும் இங்கேதான். 1916, 17-ல் வந்த ‘தி இமிக்ரன்ட்’ போன்ற இரண்டு ரீல் படங்களைக் கையால் சுற்றும் கேமராவில் எடுத்தார்கள். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 சட்டம் (தனித்தனிப் படம், ஃபிரேம்). ஆயிரம் அடி ரீல் நொடிக்கு 24 சட்டம் ஓடினால் 11 நிமிடத்தில் தீரும். 18 ஓடினால் 15 நிமிடம் வரும். ஆகவே உங்களிடம் உள்ள கோப்பு 20 நிமிடத்துக்குள் முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடிந்தால் அது விரட்டி ஓட்டப்பட்ட பிரதியாக இருக்கலாம். பின்னணியில் சும்மா நடந்து போகிறவர்களைக் கவனித்தால் உறுதியாகிவிடும். அவர்களும் தத்தித் தத்தி ஓடினால், பிளேயரில் வேகத்தை 0.75-க்கு இறக்குங்கள். அதற்கும் கீழே போகவேண்டாம். கேமராவை மெதுவாகச் சுற்றினால் திரையில் அசைவு வேகமாகும்; கொஞ்சம் துள்ளல் வேண்டும் என்றே அப்படி எடுத்தவையும் உண்டு. இயல்பாக நடக்கவைக்கிறேன் என்று கிளம்பினால் அடிதடி எல்லாம் தண்ணீருக்குள் நடப்பதுபோல் ஆகிவிடும்.

இதே வைத்தியத்தை ‘மாடர்ன் டைம்ஸ்’ மேல் காட்டாதீர்கள். பெரும்பகுதியை 18-ல் எடுத்து, 24-ல் ஓடும்படிதான் சாப்ளின் அதை வெளியிட்டார். இசையும் சத்தங்களும் அந்த வேகத்தோடு கட்டப்பட்டவை. நட்டு முடுக்கும் காட்சியில் கைகள் பதறுவதுதான் விஷயமே. பெரிய டிவியில் போட்டால், அசைவை வழவழப்பாக்கும் வசதியை மெனுவில் தேடி அணைத்துவிடுங்கள். இல்லாத சட்டங்களை டிவி தானே கற்பனை செய்து செருகும். வேகமாக வீசும் கையைச் சுற்றிப் பேய் மாதிரி நிழல் ஓடும்.

‘ஊமைப்படம்தானே’ என்று ஒலியை அடைத்துவிட்டு வேறு இசை போடுவது இன்னொன்று. ‘சிட்டி லைட்ஸ்’ தொடக்கத்தில் சிலை திறக்க வந்த பெரிய மனிதர்கள் பேசும்போது வெறும் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று வயரைப் பிடுங்கவேண்டாம். பேசும்படத்தையும் மேடைப் பேச்சையும் சேர்த்துச் சாப்ளின் கிண்டல் செய்கிறார். அவர் விசிலை விழுங்கிவிட்டு விக்கும் காட்சியில் அந்த விசில் கேட்காவிட்டால், டாக்ஸியும் நாய்களும் ஏன் ஓடிவருகின்றன என்று யாருக்குப் புரியும்? ‘மாடர்ன் டைம்ஸ்’ படத்திலோ மனிதப் பேச்சு திரை, கிராமபோன், ரேடியோ என்று இயந்திரத்தின் வழியாக மட்டும் வரும். கடைசியில்தான் நாடோடி வாய் திறந்து பாடுகிறான், அதுவும் அர்த்தமில்லாத சொற்களில். அந்தப் பாட்டுக்கு மொழிபெயர்ப்பு தேடாதீர்கள். ஒலித்தடம் ஒன்றுதான், திரைக்குக் கீழே நடுவில் ஒரு ஸ்பீக்கர் போதும், எதிரொலி எதுவும் சேர்க்கவேண்டாம்.

அதே படத்தின் சிவப்புக்கொடிக் காட்சிக்கு மட்டும் முன்கூட்டி ஒரு வரி சொல்லுங்கள். லாரியின் பின்னால் நீளும் மரத்தில் கட்டிய எச்சரிக்கைத் துணி அது. நம் ஊரில் கம்பி ஏற்றிய லாரியில் கட்டுவதேதான். கீழே விழுந்ததை நாடோடி எடுத்து ஆட்டி லாரிக்காரனைக் கூப்பிடுகிறான். பின்னால் வேலையில்லாதவர்களின் ஊர்வலம் வந்து சேர்கிறது. போலீஸ் அவனைத் தலைவன் என்று பிடித்துப் போகிறது. கறுப்பு வெள்ளையில் துணியின் நிறம் தெரியாததால் சிறுவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

துணைக்கு ஒரு கார்ட்டூன் வேண்டுமென்றால் 1933 மே மாதம் வந்த டிஸ்னியின் மூன்று பன்றிக்குட்டிகள் பொருத்தம். ஓநாயைக் கேலி செய்யும் அதன் பாட்டை அன்று ஊரே முணுமுணுத்தது. போடுமுன் பிரதியைப் பார்த்துவிடுங்கள். முதல் வடிவத்தில் ஓநாய் யூத வியாபாரி வேஷத்தில் வரும் இழிவான காட்சி உண்டு. பின்னால் 1948 மறுவெளியீட்டுக்காக அதை மாற்றி வரைந்தார்கள்.

கடைசியாக, தமிழ் வரிகள். ‘சிட்டி லைட்ஸ்’ முடிவில், பார்வை வந்த பூக்காரப் பெண் நாடோடியின் கையைத் தொட்டு அடையாளம் கண்டுகொள்கிறாள். வசனம் காட்டும் எழுத்து அட்டையில் ஒரே சொல்: ‘You?’ ஆங்கிலத்தில் அதற்கு மரியாதையும் இல்லை, அவமரியாதையும் இல்லை. தமிழில் தப்பிக்க வழியில்லை. சில பிரதிகளில் ‘நீயா?’ என்று போட்டிருக்கிறார்கள். இத்தனை நாள் அவனைப் பணக்காரக் கனவான் என்று நினைத்திருந்தவள், கந்தலைக் கண்டதும் தரம் இறக்கிவிட்டாள் என்று அது ஆகிவிடும். ‘நீங்களா?’ என்று போடுங்கள். அவன் திருப்பிக் கேட்பதற்கு ‘இப்போது கண் தெரிகிறதா?’ போதும், வேறு சொல் எதுவும் சேர்க்கவேண்டாம். மைக்கில் யாரும் படித்துக் காட்டவும் வேண்டாம். அவன் முகம் இருண்டு மறைந்த பிறகு பத்து நொடி கழித்து விளக்கைப் போடுங்கள்.

இப்படிக்கு,
பழைய படங்களை ஓட்டும் வேலையில் இருக்கும் சிலர்