விளம்பர ரசீதுப் புத்தகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்

தமிழ் நாளிதழ் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

காரைக்குடி வட்டாரத்தில் கோயிலையும் அரசியலையும் எழுதிவரும் நிருபர் நான். செய்தியோடு விளம்பரமும் நாங்களே பிடிக்க வேண்டியிருக்கிறது; அந்த வேலையை எங்களிடமிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இங்கே இரண்டும் தனித்தனிச் செய்தி அல்ல. கும்பாபிஷேகத்தில் யாருக்கு முதலில் பரிவட்டம் கட்டினார்கள் என்று பார்த்தாலே அடுத்த தேர்தலில் யார் யாரோடு என்பது பாதி தெரிந்துவிடும்.

தேவகோட்டைக்குப் பக்கத்துக் கண்டதேவியையே எடுத்துக்கொள்ளுங்கள். சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேர். உஞ்சனை, செம்பொன்மாரி, தென்னிலை, இரவுசேரி என நான்கு நாட்டாருக்கும் அதில் மரியாதை உண்டு (நாடு என்றால் இங்கே பல ஊர்கள் சேர்ந்த பகுதி). பட்டியல் சாதியினரும் வடம் பிடிக்க வேண்டும் என்று 1990களில் கிளம்பிய கோரிக்கை நீதிமன்றம் வரை போனது. நின்றுபோன தேர் 17 ஆண்டுகள் கழித்து 2024இல்தான், போலீஸ் பாதுகாப்போடு ஓடியது.

தேரோட்டத்தன்று வெளியூரிலிருந்து கேமராக்கள் வரும், மாலையில் போய்விடும். சரி. ஆனால் அதற்கு முன்பே நடக்கும் அமைதிப் பேச்சுவார்த்தைக்கு வாசலில் காத்து நிற்பவன் உள்ளூர் நிருபர்தான். யார் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார் என்பது அவனுக்குத்தான் தெரியும். அப்புறம் தீபாவளி மலருக்கு விளம்பரம் கேட்டு அவன் யாரிடம் போகிறான்? எழுந்து போனாரே, அவரிடம்தான். திருவிழாவில் ஒரு நாள் செலவை ஏற்கும் மண்டகப்படிதாரர், கட்சியின் ஒன்றியச் செயலாளர், கல்யாண மண்டப உரிமையாளர். சில ஊர்களில் இந்த மூன்றும் ஒரே ஆள்.

உங்களில் பலர் பகுதி நேர நிருபருக்குத் தருவதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது. விளம்பரக் கமிஷனில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. "என்னண்ணே, அரைப் பக்கம் குடுத்தோமே, அந்தச் செய்தியைக் கொஞ்சம் பாத்துப் போடக் கூடாதா?" என்று கேட்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுத்தவர் கேட்கத்தான் செய்வார்.

இதே காரைக்குடியில் சொ. முருகப்பா 'குமரன்' பத்திரிகை நடத்தினார். தன் நகரத்தார் சமூகத்துக்கு நடுவிலேயே கைம்பெண் மறுமணத்துக்காக வாதாடினார், தானும் அப்படியே மணந்துகொண்டார். துணிச்சல்காரர், மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகை அவருடையது. எங்களுக்கு இருப்பது மாத டார்கெட்.

விளம்பரத்துக்குத் தனி ஆள் போடுங்கள். பேச்சுவார்த்தை நாளுக்குப் படி கொடுங்கள், அன்று செய்தி வராவிட்டாலும். சாதி சம்பந்தப்பட்ட செய்தியில் எங்கள் பெயரைப் போடும் முன் ஒரு போன் செய்து கேளுங்கள். மறுநாள் காலை நாங்கள் அதே டீக்கடைக்குத்தான் போக வேண்டும்.

ஆனி பிறப்பதற்குள் பதில் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
காரைக்குடி நிருபர் ஒருவர்